பஸ் போர்டைப் படிக்கும் மூன்று வயதுக் குழந்தை

வேலூரில், பாகாயத்திலிருந்து காட்பாடி போகும் டவுன் பஸ்ஸில், ஜன்னலோரம் நின்றுகொண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்று கடைப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். "இன்னா அறிவு பாரு இந்தப் புள்ளைக்கு" என்பார்கள். எதிர் சீட்டில் நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்கு அன்றைக்கே தூக்கம் போய்விடும். மறுநாள் எழுத்து அட்டவணை ஒன்று வாங்கிச் சுவரில் ஒட்டுவார். சாயங்காலமானால் அதட்டலும் அழுகையும் தொடங்கும்.

இந்தப் பதிவு அந்த அம்மாவுக்கு. சீக்கிரம் படிக்கத் தொடங்கினால் பிள்ளை புத்திசாலி ஆகுமா? எத்தனை வயதில் தொடங்கியது என்பதற்கும் அறிவுக்கும் பெரிய தொடர்பில்லை. ஆனால் 7, 8 வயதுக்குள் படிப்பு சரளமாகிவிட்டதா என்பதற்கும் அதற்குப் பிறகு அறிவு வளர்வதற்கும் தொடர்பு உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் 3 வயதில் அடியும், 8 வயதில் அலட்சியமும் நடக்கிறது. நடக்கவேண்டியது நேர் எதிர்.

முதல் பாதிக்கு நியூசிலாந்திலிருந்து ஒரு சான்று. 5 வயதில் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் 7 வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். 11 வயது வாக்கில் படிக்கும் வேகத்தில் வித்தியாசம் மறைந்திருந்தது. படித்ததைப் புரிந்துகொள்வதில் பிந்தித் தொடங்கியவர்கள் பின்தங்கவே இல்லை, கொஞ்சம் முன்னால்கூட இருந்தார்கள். பின்லாந்தில் இன்றும் 7 வயதில்தான் முதல் வகுப்பு.

இரண்டாம் பாதிக்கு இங்கிலாந்தின் இரட்டையர் ஆய்வு. ஸ்டூவர்ட் ரிச்சியும் அவரோடு இருந்தவர்களும் 1,890 ஜோடி ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களை 7 வயதிலிருந்து 16 வயது வரை ஐந்து முறை சோதித்ததன் முடிவுகளை அலசி 2014-ல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட இரட்டையருக்கு மரபணு ஒன்று, வீடு ஒன்று, சோறு ஒன்று. அப்படியிருந்தும் ஒரு பிள்ளை மற்றதைவிடக் கொஞ்சம் நன்றாகப் படிக்கிறது என்றால், அது ஆசிரியராலோ நண்பர்களாலோ வேறு ஏதோ தற்செயலாலோ வந்த வித்தியாசமாகத்தான் இருக்கும். 7 வயதில் நன்றாகப் படித்த பிள்ளை பின்னாளில் அறிவுச் சோதனைகளிலும் கூடுதல் மதிப்பெண் எடுத்தது. சொற்களே இல்லாத, படங்களையும் வடிவங்களையும் வைத்துச் செய்யும் சோதனைகளிலும் அப்படித்தான். வித்தியாசம் பெரியதல்ல. ஆனால் பிறவி அறிவைத் தவிர, படிப்பும் அறிவுக்குத் தீனி போடுகிறது என்று எண்ண அது வலுவான காரணம்.

இன்னொன்றும் உண்டு. 1997-ல் கன்னிங்ஹாம், ஸ்டானோவிச் என்ற இருவர் அமெரிக்காவில் முதல் வகுப்பில் சோதித்த பிள்ளைகளை 11-ஆம் வகுப்பில் மறுபடி தேடிப் பார்த்தார்கள். அறிவுச் சோதனை மதிப்பெண்ணைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், முதல் வகுப்பில் நன்றாகப் படித்தவர்கள்தான் பத்து வருடம் கழித்தும் அதிகம் வாசிப்பவர்களாக இருந்தார்கள். எளிதாக வருவதைப் பிள்ளை திரும்பத் திரும்பச் செய்யும். திரும்பச் செய்வதால் சொல் சேரும், செய்தி சேரும், அடுத்த புத்தகம் இன்னும் எளிதாகும். வட்டி சேர்வது போலத்தான் இது.

நாலு வயது வரைக்கும் வாய்தான் பள்ளிக்கூடம்

எழுத்துக்கு முன்னால் பேச்சு. தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தால் பிள்ளைக்குக் கிடைப்பது சத்தம் மட்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய் இருட்டியபின் திரும்பும் அம்மாவுக்கும், குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும் ஆயாவுக்கும் இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. கை வேலையாக இருந்தாலும் வாய் சும்மாதான் இருக்கிறது. கதைக்கும் விடுகதைக்கும் கை வேண்டாம், புத்தகமும் வேண்டாம், எழுத்து தெரிந்திருக்கவும் வேண்டாம்.

படப் புத்தகம் இருந்தால், அதை எப்படிக் காட்டுவது என்பதில் ஒரு முறை இருக்கிறது. 1980-களில் வைட்ஹர்ஸ்ட் என்பவர் சோதித்துப் பார்த்த வழி. பெரியவர் படிக்க, குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும் வழக்கத்தைத் திருப்பிப் போட்டு, குழந்தையைச் சொல்லவைத்து பெரியவர் கேட்பது. நம் வீட்டுப் பேச்சில் அது இப்படி இருக்கும்:

"இது இன்னா?"
"ஆடு."
"ஆமா, கறுப்பு ஆடு. வேலி மேல கால வச்சிக்கினு நிக்குது. ஏன் நிக்குது?"
"எல துன்ன."
"ஆமா, முருங்க எலய எட்டித் துன்னப் பாக்குது. எங்க, நீ சொல்லு?"

ஒரு கேள்வி, பிள்ளையின் பதிலுக்கு ஒரு "ஆமா", அந்தப் பதிலோடு இரண்டு மூன்று சொல் சேர்த்து நீட்டுவது, பிறகு அதைப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது. ஒரு பக்கத்துக்கு இது இரண்டு முறை போதும். ஒவ்வொரு படத்துக்கும் செய்தால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். "இது இன்னா, இது இன்னா" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போவது பரீட்சை. "ஏன்", "அப்பறம் இன்னா ஆவும்" என்ற கேள்விகளில்தான் சொல் பெருகும். ஒரே புத்தகத்தைப் பிள்ளை இருபது முறை கேட்டால் இருபது முறையும் சொல்லுங்கள். முதல் முறை கதை புரியும், ஐந்தாம் முறை சொற்கள் பிடிபடும், பத்தாம் முறை அதுவே கதை சொல்லும்.

இதோடு ஒலி விளையாட்டு. "ம-ல ஆரம்பிக்கிற சாமான் நம்ம வூட்ல இன்னா கீது?" என்றால் மாவு, மஞ்சள், மணி என்று வரவேண்டும். பிறகு ஒலியைக் கழற்றுவது: "பூசணிக்காய்ல பூ-வ எடுத்துட்டா?" சொல் என்பது சின்னச் சின்ன ஒலிகளால் ஆனது என்று காது உணர்ந்தபின் எழுத்து கற்பது பாதி வேலை. காது உணராத பிள்ளைக்கு அட்டவணை வெறும் கோலம்.

சுவர் அட்டவணை செய்யும் தப்பு

கடையில் விற்கும் அட்டவணையில் 'இ' என்றால் இலை, 'உ' என்றால் உரல் என்று போட்டிருக்கும். நம் வீட்டில் யாரும் இலை என்று சொல்வதில்லை, எலைதான். உரலை ஒரல் என்கிறோம், உடம்பை ஒடம்பு என்கிறோம். படத்தைப் பார்த்த பிள்ளை "எல" என்கிறது, நாம் "இ" என்று திருத்துகிறோம். பிள்ளை காதில் சரியாகத்தான் கேட்டிருக்கிறது, நாம்தான் தப்பு என்கிறோம். எழுதும்போதும் பேசும்போதும் ஒரே ஒலி இருக்கும் சொல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: இ-க்கு இட்லி, உ-வுக்கு உப்பு, எ-வுக்கு எலி, ஒ-வுக்கு ஒட்டகம், ஐ-க்கு ஐஸ். ஐந்து வேண்டாம், அது வாயில் அஞ்சாகிவிடும்.

அட்டவணையின் இன்னொரு கெடுதல் வரிசை. அ ஆ இ ஈ என்று பாட்டாகச் சொல்லும் பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று நம்பிவிடுகிறோம். நடுவிலிருந்து 'ஏ'-வைத் தொட்டுக் காட்டினால் மனசுக்குள் அ-விலிருந்து ஓடி வந்து சொல்லும். அது எண்ணுவது, படிப்பது அல்ல. எழுத்து தெரியுமா என்று பார்க்க ஒரே வழி, கலைத்துப் போட்டுக் கேட்பது.

எழுத்து தொடங்கும் வரிசை

நாலரை வயதிலிருந்து ஐந்துக்குள், ஒலி விளையாட்டில் முதல் ஒலியைப் பிடிக்கத் தெரிந்தபின் தொடங்கலாம். அட்டைக்குக் காசு வேண்டாம். முகூர்த்த மாசம் முடிந்தால் வீட்டில் சேரும் கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, தடித்த கறுப்பு மார்க்கரால் ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து, 5 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். புள்ளியைப் பெரிதாக வையுங்கள். பிள்ளை முதலில் தவறவிடுவது அதைத்தான்.

247 எழுத்து என்றதும் பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு ஒரு கைப்பிடி குறிகள். ஙகர வரிசை முழுவதும் யாருக்கும் வேண்டாம். வழக்கமான வரிசையை விட்டுவிட்டு, வடிவம் எளிதான, உடனே சொல் கிடைக்கும் எழுத்துகளில் தொடங்கவேண்டும்.

முதல் வாரம் ட, ப, ம, அவற்றோடு ட், ம். இதிலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் கிடைத்துவிடும். மூன்றே எழுத்தில் பட்டம் படித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் இந்த வரிசையின் பலம் தெரியும். அடுத்து க, த: பக்கம், கட்டம், தடம். அதன்பின் ல, ர: கல், பல், கடல், பகல், மரம், தகரம். பிறகு வ, ண: வட்டம், பணம், மணல், அதோடு வணக்கம். அப்புறம் ய, ள, ழ: வயல், மகள், பள்ளம், பழம். கடைசியில் ச, ந, ன, ற, ங், ஞ்: சக்கரம், நகம், மனம், தங்கம், மஞ்சள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று எழுத்து என்று போனால் இது இரண்டரை, மூன்று மாத வேலை. உயிரெழுத்துகளை இடையிடையே சேர்த்துக்கொள்ளலாம்: அகல், அவள், ஆட்டம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். கையில் ஐந்து அட்டைக்கு மேல் வேண்டாம். மூன்று தெரிந்தது, ஒன்றோ இரண்டோ புதிது. காட்டியதும் தயங்காமல் மூன்று நாள் தொடர்ந்து சொன்னால் அந்த அட்டை 'தெரிஞ்ச கட்டு'க்குப் போகும். தெரிஞ்ச கட்டை வாரம் ஒருமுறை கலைத்துக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் வாரம் முதல் வார எழுத்து மறந்திருக்கும். பிள்ளை மறந்தால் அட்டையை மறுபடி கைக்குக் கொண்டுவாருங்கள், முகத்தில் எதுவும் காட்டாமல்.

விளிம்புள்ள தட்டில் கேழ்வரகை மெல்லிசாகப் பரப்பி விரலால் எழுதவைப்பது நல்ல துணை. விஜயதசமியன்று அரிசியில் எழுதவைக்கும் வழக்கத்தை அன்றோடு விடாமல் தினமும் செய்தால் பலன் உண்டு. நோட்டில் பென்சிலால் எழுதுவது வேறு வேலை. 3, 4 வயதில் விரலுக்கு அந்தப் பலம் இருக்காது. பக்கம் பக்கமாக எழுதச் சொல்லி வீட்டுக்கு அனுப்பும் பாடத்தால் பிள்ளைக்குக் கை வலிதான் மிச்சம். படிப்பையும் வலியாக நினைக்கும். வேர்க்கடலை உரிப்பதும் சப்பாத்தி மாவு பிசைவதும் விரலுக்கு நல்ல பயிற்சி. சிலேட்டும் பலப்பமும் 5 வயதுக்கு மேல் போதும்.

இங்கேதான் இடறும்

முதல் இடறல் 'இம்'. மெய்யெழுத்தை இக், இட், இம் என்று பெயர் சொல்லிப் பழக்கிவிட்டால் பிள்ளை படம் என்பதை "ப, ட, இம்" என்று படிக்கும். அதைச் சேர்த்தால் "படஇம்", படம் வராது. பட்டம் என்றால் "ப, இட், ட, இம்". சொல்லே காணாமல் போய்விடும். எனவே 'ம்' அட்டையைக் காட்டும்போது வாயை மூடி வெறும் ஒலியை மட்டும் சொல்லுங்கள். 'ட்' போன்ற எழுத்தைத் தனியே சொல்லவே முடியாது. அதை முன்னெழுத்தோடு ஒட்டவைத்து, இரண்டு அட்டையும் உரசும்படி வைத்து, 'பட்' என்று ஒரே மூச்சில் சொல்லவேண்டும். பட், டம். பட்டம். புள்ளி வைத்த எழுத்து எப்போதும் முன்னால் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்று சொன்னால் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

இதே 'ம்'-மில் இன்னொரு நுணுக்கம். பேச்சில் மரம், பணம் என்பவற்றின் கடைசி ம் மூக்கொலியாகக் கரைந்துவிடும், உதடு மூடாது. பிள்ளைக்கு அங்கே ஒரு ம் இருப்பதே தெரியாது. முதல் மாதம் உதட்டை மூடி, நிறுத்திச் சொல்லிக் காட்டுங்கள்.

அடுத்தது ஒரே எழுத்துக்குப் பல ஒலி. கல், மகள், தங்கம் மூன்றிலும் க வருகிறது, மூன்றிலும் ஒலி வேறு. பல் வேறு, கம்பம் வேறு. இலக்கணம் சொல்லிக் குழப்பவேண்டாம். 'ங்க', 'ஞ்ச', 'ண்ட', 'ந்த', 'ம்ப' என்ற ஐந்தையும் இரட்டை அட்டையாகவே எழுதி, சொல்லோடு சேர்த்துக் காட்டினால் போதும். பிள்ளைக்குச் சொல் ஏற்கெனவே வாயில் இருப்பதால் ஒலி தானாகத் திருந்தும். பேச்சு முதலில் என்றது இதற்காகத்தான்.

குறிகளில் ா முதலில் வரட்டும்: கால், பால், மாமா, தாத்தா. இதற்கும் ர-வுக்கும் கையெழுத்தில் வித்தியாசம் குறைவு, ஆகவே ர-வின் வாலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுங்கள். பிறகு ி, ீ. அதன்பின் ை, ெ, ே. இந்த மூன்றில்தான் பெரிய பள்ளம். வாயில் பின்னால் வரும் ஒலியை எழுத்தில் முன்னால் போடுகிறோம். 'கெ' என்பதைப் பிள்ளை இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படித்தால் முதலில் கண்ணில் படுவது குறி, பிறகுதான் க. அது தடுமாறுவது நியாயம். குறியை விரலால் மறைத்து முதலில் க-வைச் சொல்லவைத்து, பிறகு விரலை எடுத்து 'கெ' என்று மாற்றிச் சொல்லவைத்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். ொ, ோ இரண்டும் இருபுறமும் கட்டிப்பிடிப்பதால் அவை அதற்கும் பின்னால். கௌ என்பதும் கெ-க்கு அப்புறம் வரும் ள-வும் ஒரே மாதிரி தெரியும். அந்தச் சண்டையை இரண்டாம் வகுப்புக்குத் தள்ளிவிடலாம்.

உகரத்துக்கு ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு ஜாதி. சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, ணு, லு, று, னு மற்றொன்று. ஆனால் வீடு, மாடு, பாட்டு, சோறு என்று நாம் பேசும் சொல்லெல்லாம் உகரத்தில் முடிவதால் இதைக் கடைசிக்குத் தள்ளவும் முடியாது. டு, து, கு, பு நான்கையும் ா வந்தவுடனேயே முழு எழுத்தாகக் கற்பித்துவிட்டு, மீதியைப் பிறகு ஜாதி ஜாதியாகச் சேர்ப்பது நல்லது. ஜ, ஸ, ஷ, ஹ கடைசியில். பிள்ளை பெயரிலேயே அவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் முதல் நாளே.

கன்னடப் பிள்ளைகளைச் சோனாலி நாக் ஆராய்ந்து 2007-ல் எழுதியது தமிழுக்கும் பொருந்தும்: இந்த மாதிரி எழுத்துமுறையில் எல்லா எழுத்தும் கைவசமாவது நான்காம் வகுப்பு வரை நீளும். ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு ஒப்பிட்டு "ஆறு மாசத்துல ஏ பி சி டி வந்துடுச்சே, தமிழ் ஏன் வரல?" என்று கேட்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆங்கிலத்தில் எழுத்து சீக்கிரம் வந்தாலும் படிப்பு தாமதமாகத்தான் வரும். தமிழில் எழுத்துகள் வந்துவிட்டால் படிப்பு கூடவே வந்துவிடும்.

'கீது' என்று பேசி 'இருக்கிறது' என்று படிப்பது

வேலூர், ஆற்காடு, சோளிங்கர் பக்கத்துப் பிள்ளை "பூனை கட்டில் கீழ கீது" என்று சொல்லும். புத்தகத்தில் "பூனை கட்டிலின் கீழே இருக்கிறது". எழுத்து எல்லாம் தெரிந்தும் பிள்ளை இங்கே நின்றுவிடும். கீது என்று பேசுவதைத் தப்பு என்று சொன்னால் பிள்ளை பேச்சைக் குறைக்கும், பேச்சு குறைந்தால் மேலே சொன்ன எல்லாமும் குறையும். இரண்டும் ஒரே பொருள், ஒன்று வூட்டுப் பேச்சு, ஒன்று புக்குப் பேச்சு என்று சொல்லிவிட்டு, கதை கேட்கும் வயதிலேயே நாலு வரி புத்தக நடையில் படித்துக் காட்டி உடனே வீட்டு நடையில் சொல்லவேண்டும். பிறகு பிள்ளையை மாற்றச் சொல்லலாம். "வந்துகினு கீறான்" என்பதைப் புக்குப் பேச்சில் சொல்லு என்றால் அது ஒரு விளையாட்டு. ழ-வுக்கும் இதேதான். வாயப்பயம் என்று பேசும் வீட்டுப் பிள்ளைக்குப் பழம் என்ற சொல்லைக் கண்ணால் பார்த்தபின்தான் ழ இருப்பதே தெரியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்தில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி. உருது வலமிருந்து இடம், தமிழ் இடமிருந்து வலம். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் எந்தப் பக்கம் தொடங்குவது என்ற குழப்பம் கொஞ்ச நாள் இருக்கும். வரியின் தொடக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தால் அது தீரும். ழ, ள, ண அந்த வாய்க்குப் புதிது, ஆகவே கேட்டுப் பிரித்தறிய நாள் கொடுக்கவேண்டும். குடியாத்தம், காட்பாடி பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் ள, ண சிக்கல் இல்லை, ழ மட்டும்தான். எந்த வீடாக இருந்தாலும் கதையை வீட்டு மொழியில் சொல்வதை நிறுத்தாதீர்கள். அந்த மொழியில் வளரும் அறிவு தமிழ்ப் படிப்புக்கும் வந்து சேரும்.

படிக்கிறது, ஆனால் பேசவில்லை

முதலில் சொன்ன பஸ் குழந்தைக்கு வருவோம். மூன்று வயதில் எல்லாப் பலகையும் படிக்கிறது. நல்லது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? தனக்கு வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? "உன் பேர் இன்னா" என்றால் பதில் சொல்கிறதா, அல்லது அதே கேள்வியைத் திருப்பிச் சொல்கிறதா? எழுத்திலும் எண்ணிலும் அபார ஈடுபாடு, ஆனால் படித்ததன் பொருள் தெரியாமல், பேச்சும் பழக்கமும் பின்தங்கி இருந்தால் அதற்கு ஹைப்பர்லெக்சியா என்று 1967-லேயே பெயர் வைத்தார்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடம் இது உண்டு. "இவ்வளவு அறிவான பிள்ளை, பேச்சு தானா வரும்" என்று காத்திருந்து இரண்டு வருடத்தை இழந்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய நஷ்டம். நம் ஊரிலேயே சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். எழுத்து மீதான அந்த ஈடுபாட்டை வைத்தே பேச்சைக் கொண்டுவரும் வழிகள் உண்டு. சீக்கிரம் போனால் அதிகப் பலன்.

படிக்கவே வரவில்லை

5 வயதில் எழுத்து வரவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் வகுப்பு முடியும்போது 'பட்டம்', 'மாமா' போன்ற சொற்களே தடுமாறினால் அடுத்த வருடம் சரியாகும் என்று விடக்கூடாது. முதலில் காது: அடிக்கடி சீழ் வடிந்த காதுக்கு ல-வும் ள-வும் ஒன்றாகத்தான் கேட்கும். அடுத்து கண்: புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடிக்கிறதா, தலையைச் சாய்க்கிறதா, ஒரு வரி தாண்டிப் படிக்கிறதா என்று பாருங்கள். ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் கண்ணைப் பரிசோதிக்காமல் பிள்ளையை மக்கு என்று சொல்வது பாவம்.

மூன்றாவது ரத்தம். சோகை உள்ள பிள்ளைக்குக் கவனம் நிற்காது. உணவு, குடல் தொற்று, உடல் வளர்ச்சி, அறிவு வளர்ச்சி எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்தொடர்ந்த மால்-எட் என்ற எட்டு நாட்டு ஆய்வில் இந்தியாவின் இடம் வேலூர்தான். நெருக்கமான தெருக்களில் பிறந்த குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து, பின்னாளில் அறிவுச் சோதனையும் செய்தார்கள். படிப்பைத் தனியாக, வயிற்றைத் தனியாகப் பார்க்க முடியாது என்பதால்தான் அப்படி ஒரு ஆய்வே நடந்தது. கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை; ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை; பள்ளியில் தரும் காலை உணவை விடாமல் சாப்பிடுவது. இவை எழுத்து அட்டையைவிட முக்கியமானவை.

இவை எல்லாம் சரியாக இருந்து, ஒழுங்காகக் கற்பித்தும் ஆறு மாதத்தில் எழுத்து ஒட்டவில்லை, ஆனால் கதை சொன்னால் நன்றாகப் புரிந்துகொள்கிறது என்றால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. சோதித்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, அதிகத் தடவை கற்பிக்கவேண்டும், அவ்வளவுதான்.

சரளம் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்புக்கு நிமிஷத்துக்கு 45 முதல் 60 சொல் என்று சொல்கிறது. தமிழுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 'படித்துக்கொண்டிருந்தான்' நமக்கு ஒரே சொல். அதையே இந்தியில் மூன்று சொல்லாக எழுதுவார்கள். கடிகாரத்தைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது: புதிய நாலு வரியைப் படிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டுவதிலேயே மூச்சு போய்விட்டால் முதல் வரி மறந்திருக்கும். கதையைச் சொன்னால் சரளம் வந்துவிட்டது.

செல்போன் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயதுக்குள் வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எழுத்துப் பாட்டு வீடியோவும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு இல்லை. அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நிலை உண்டு. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலை என்று பார்த்து எடுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுமாறினால் அதற்குக் கீழே உள்ள நிலைக்கு வாருங்கள். வேலூர் மாவட்ட மைய நூலகத்திலும் ஊர்ப்புற நூலகங்களிலும் சிறுவர் அலமாரி இருக்கிறது. புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும், மெலிசாக இருந்தாலும், போன வாரம் எடுத்ததையே மறுபடி எடுத்தாலும்.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்துக் கதைப் புத்தகம் இருந்தால் அதையும் இறக்குங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: அதில் ணை, லை, ளை, னை நான்கும் மேலே யானைத் தும்பிக்கை போட்டும், ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் கீழே சுழித்தும் இருக்கும். பெரியார் 1935-லேயே தன் குடியரசு இதழில் மாற்றி அச்சிட்ட இந்த எழுத்துகளை 1978-ல்தான் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. பிள்ளை அங்கே நின்று "இது இன்னா எழுத்து?" என்று கேட்டால், ஏழு பழைய எழுத்தையும் ஒரு அட்டையில் எழுதி, பக்கத்தில் புதியதை எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவிடுங்கள். படிக்கச் சொல்லி ஆயாவிடம் கொடுத்தால், அட்டையைப் பார்க்காமலே படிப்பார்.